மல்கம் யங் இல்லாத 'ஷொட் இன் த டார்க்': இது ஆருடைய பாட்டு, எங்கட ரிதம் ஏன் மெலிஞ்சு கேக்குது?

பரந்தன் சந்தி

வணக்கம் உறவுகளே. சனசமூக நிலைய ஆண்டு விழா மேடைக்கு அவுஸ்திரேலிய ரொக் குழு ஏசி/டீசியின்ர ரெண்டு பாட்டு எடுத்திருக்கிறம். ஒண்டு பழசு. மற்றது 2020இல வந்த 'ஷொட் இன் த டார்க்'. குழுவுக்குள்ளேயே ரெண்டு கட்சி. அந்தக் குழுவில ரிதம் கிற்றார் வாசிச்ச மல்கம் யங் போன பிறகு வந்தது பேருக்குத்தான் ஏசி/டீசி, அதை மேடையில அவருக்கு அஞ்சலி எண்டு சொல்லி வாசிக்கிறது சரியில்லை எண்டு ஒரு பக்கம். மெட்டு அவற்றதுதான், தாராளமாச் சொல்லலாம் எண்டு மற்றப் பக்கம். விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

ரெண்டாவது கேள்வி வாசிப்பைப் பற்றினது. ரிதம் வாசிக்கிறது ஸ்ட்ராட் வடிவக் கிற்றார், 9–42 கம்பி (மெல்லிய செட்). லீட் எஸ்.ஜி. வடிவம். ரெண்டும் மல்டி எஃபெக்ற் பெட்டியால நேர மிக்சருக்குப் போகுது. ட்ரைவ் (ஒலியைக் கரகரக்க வைக்கிற அளவு) கூட்டினால் தேனீக்கூடு கலைஞ்ச மாதிரி இரையுது, குறைச்சால் சத்தே இல்லை. பழைய பாட்டிலயும் இதே பிரச்சினைதான், புதுசில இன்னும் அப்பட்டமாத் தெரியுது.

முறிகண்டி வழி

முதல் கேள்விக்கு வாறன். திகதிகளைச் சரியா வைச்சால் பாதிச் சண்டை முடிஞ்சுபோகும்.

மல்கம் இறந்தது 2017 நவம்பர் 18, வயது 64. ஆனால் குழுவில மல்கத்தின்ர கை நிண்டது 2017இல இல்லை. மறதிநோய் எண்டு 2014 செப்டெம்பரில அறிவிச்சாச்சு. அந்த வருசக் கடைசியில வந்த 'ரொக் ஓர் பஸ்ற்' அல்பத்திலேயே ரிதம் வாசிச்சது அவருக்குப் பதிலா வந்த ஸ்டீவி யங்தான். அதாலை "மல்கம் செத்த பிறகுதான் மாறிப்போச்சு" எண்டிறது பிழை. மாறி ஆறு வருசம் ஆனாப் பிறகு வந்த பாட்டு இது.

இந்தப் பாட்டு இருக்கிற 'பவர் அப்' அல்பம் வந்தது 2020 நவம்பர் 13. 'ஷொட் இன் த டார்க்' அதுக்கு முன்னமே அக்டோபர் 7இல தனியா வந்தது. ஒலிப்பதிவு 2018இல வான்கூவரில, தயாரிப்பு பிரண்டன் ஓப்ரையன். அல்பத்தில 12 பாட்டு. பன்னிரண்டுக்கும் எழுதினவர்கள் லீட் வாசிக்கிற தம்பி அங்கஸ் யங், மல்கம் யங் எண்டுதான் போட்டிருக்கு. மரியாதைக்குப் போட்ட பேர் இல்லை. 2008இல வந்த 'பிளாக் ஐஸ்' காலத்தில அண்ணனும் தம்பியும் சேர்த்து வைச்ச மெட்டுத் துண்டுகளைக் கிளறி எடுத்துத்தான் கட்டினது எண்டு அங்கஸ் சொல்லியிருக்கிறார். முந்திப் பாடின பொன் ஸ்கொட்டுக்கு 'பாக் இன் பிளாக்' அல்பம் எப்பிடியோ, மல்கத்துக்கு இது அப்பிடி எண்டும் சொன்னவர்.

ஆக, அஞ்சலி எண்டு சொல்லுறதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு. குழுவே அப்பிடித்தான் சொல்லுது.

நந்திக்கடல் காத்து

முறிகண்டி அண்ணை சொன்ன திகதியள் எல்லாம் சரி. முடிவோட எனக்கு உடன்பாடில்லை.

பொன் ஸ்கொட் 1980 பெப்ரவரியில செத்தார், அதே வருசம் யூலையில 'பாக் இன் பிளாக்' வந்தது. அதில மாறினது குரல். குரல் மாறினால் பாட்டே தெரியாத சனத்துக்கும் விளங்கும். கிற்றார் வாசிச்ச கை மாறினதோ கனபேருக்கு விளங்காது. மல்கம் எழுதினது மெட்டு மட்டும் இல்லை. எங்கை அடிக்கிறது, எங்கை விடுறது, விட்ட இடத்தை எவ்வளவு நேரம் வெறுமையா வைச்சிருக்கிறது எண்டதுதான் அவற்ற எழுத்து. அதை எந்தப் பேர்ப்பட்டியலும் காட்டாது.

கூத்துப் பாத்த ஆக்களுக்கு இது லேசா விளங்கும். சனம் பாக்கிறது கோவலனை, கண்ணகியை. ஆட்டத்தைக் கட்டி வைச்சிருக்கிறது ஓரத்தில நிண்டு மத்தளம் அடிக்கிற அண்ணாவியார். அவர் ஒரு அடி பிந்தினால் மேடையில எல்லாற்ற காலும் தடுமாறும். மல்கம் நிண்டதும் அப்பிடித்தான், பின்னுக்கு, ட்ரம்மோட ஒட்டி. கோரஸ் பாடத்தான் மைக்குக்கு வருவார், பாடிப்போட்டுத் திரும்பப் பின்னுக்குப் போயிடுவார்.

ஒண்டு செய்து பாருங்கோ. இவையின்ர அல்பங்களில ரெண்டு கிற்றாரும் ஆளுக்கொரு பக்கம் வைச்சுத்தான் கலக்கப்பட்டிருக்கும். இயர்போனில ஒரு காதைக் கழட்டிப்போட்டு ரிதம் பக்கத்தை மட்டும் கேளுங்கோ. முதல் பழைய பாட்டு, பிறகு 'ஷொட் இன் த டார்க்'. ஸ்டீவி சுத்தமா, நேரம் தப்பாமல் வாசிக்கிறார், குறை சொல்ல ஒண்டும் இல்லை. ஆனால் மல்கத்தின்ர பக்கத்தில கோட் (கன கம்பியைச் சேர்த்து அடிக்கிற சுரக்கூட்டு) அடிச்ச உடன ஒரு கடிப்பு இருக்கும், பிறகு கம்பி தானா அடங்கிற ஒலி இருக்கும். புதுசில அந்த இடம் கொஞ்சம் நிரவிக் கிடக்கு. அதாலைதான் உங்கட மேடையிலயும் புதுப்பாட்டில குறை கூடத் தெரியுது எண்டு நினைக்கிறன். பழைய பாட்டிலை மெட்டே இடைவெளியளைக் காட்டித் தருது. புதுசிலை அதை வாசிக்கிறவர்தான் உண்டாக்கோணும்.

முறிகண்டி வழி

அண்ணாவியார் உவமையை நானே எடுக்கிறன். அண்ணாவியாருக்குப் பிறகு மத்தளத்தை எடுக்கிறது ஆர்? வீட்டுப்பிள்ளைதானே. ஸ்டீவி வெளியாள் இல்லை, மல்கத்தின்ர மூத்த அண்ணன்ர மகன், பெறாமகன். பெறாமகன் எண்டாலும் வயதில நாலு வருசம்கூட வித்தியாசமில்லை. மல்கம் 1953 சனவரி, இவர் 1956 டிசெம்பர், ரெண்டு பேரும் கிளாஸ்கோவில பிறந்தவை. 1988இல மல்கம் குடியை விடுறதுக்காகச் சுற்றுப்பயணத்தில இருந்து விலகினபோது அமெரிக்க மேடைகளில நிண்டு சமாளிச்சதும் இவர்தான். கை வேற எண்டு சொல்லுங்கோ, ஒத்துக்கொள்ளுறன். பேருக்குத்தான் ஏசி/டீசி எண்டு மட்டும் சொல்லாதேங்கோ.

இரணைமடு வான்கதவு

ரெண்டாவது கேள்வி கிடப்பில கிடக்கு. மெலிவுக்குக் காரணம் மூண்டு: கம்பி, கெயின் (ட்ரைவின்ர அளவு), கோட் பிடிக்கிற விதம்.

மல்கத்தின்ர கிற்றார் 1963ஆம் வருசத்துக் கிறெச் ஜெற் பயர்பேர்ட். சிவப்புப் பூச்சைச் சுரண்டி வெறும் மரமாக்கி, கழுத்துப்பக்கப் பிக்கப்பை (கம்பி அதிர்வைப் பிடிக்கிற காந்தம்) கழட்டிப்போட்டார். நடுவில பூட்டினதையும் பிறகு கழட்டினார். மிஞ்சினது பிறிட்ஜ் பக்கத்துப் பிக்கப் ஒண்டு மட்டும். கம்பி 12–56, மூண்டாவது கம்பியும் சுத்தின கம்பி. அம்ப் மார்ஷல் சூப்பர் பாஸ். சத்தம் பெரிசு, ட்ரைவ் மிகக் குறைவு. சனம் தலைகீழா விளங்கிக்கொண்டு ட்ரைவைக் கூட்டுது. ட்ரைவ் கூடினால் கம்பியின்ர முதல் அடி அமுங்கிப்போய் எல்லாம் ஒரே தடிப்பாகும். நீங்கள் சொல்லுற தேனீ இரைச்சல் அதுதான்.

9ஆம் நம்பர் கம்பியில பலமா அடிச்சால் சுருதி ஒரு கணம் மேல ஏறி இறங்கும். கோட் பிசகினமாதிரிக் கேக்கும். அதுக்காக 12ஐ வாங்கி ஸ்ட்ராட்டில ஏத்திப்போடாதேங்கோ. கிறெச்சின்ர கம்பி நீளம் 24.6 அங்குலம், ஸ்ட்ராட் 25.5. அதே கம்பியை ஸ்ட்ராட்டில போட்டால் இழுவை 7 சதவீதம் வரை கூடும். 11ஆம் நம்பர் செட் போதும். மல்கத்தின்ர இழுவையில பத்தில ஒரு பங்குதான் குறையும்.

11 போட்டால் நாலு இடத்தில வேலை இருக்கு. மேல்பக்க நட்டின்ர (கழுத்து முனையில கம்பியைத் தாங்கிற துண்டு) வெட்டில கம்பி இறுகும். சுருதி கூட்டேக்க "டிக்" எண்டு சத்தம் வந்தால் அதுதான் அடையாளம். பழைய தடிச்சக் கம்பித்துண்டில மெல்லிய அரத்தாளைச் சுத்தி ரெண்டு மூண்டு தரம் இழுங்கோ, பிறகு பென்சில் கரியைப் பூசுங்கோ. ஆழத்தைக் கூட்டாதேங்கோ, அகலம் மட்டும்தான். அடுத்தது பிறிட்ஜ் மேல எழும்பும். பின்மூடியைக் கழட்டி மூண்டு ஸ்பிரிங்கை அஞ்சாக்குங்கோ, ஆட்டுற தடி தேவையில்லை எண்டால் மரத்துண்டு ஒண்டு வைச்சு இறுக்கிவிடலாம். கழுத்து முன்னுக்கு வளையும். முதல் பிறெற்றையும் (கழுத்தில குறுக்க இருக்கிற உலோகக் கோடு) கழுத்து உடலோட சேருற இடத்துப் பிறெற்றையும் ஒரே நேரம் அமத்திப்போட்டு ஏழாம் பிறெற்றடியில இடைவெளி பாருங்கோ. 0.2, 0.3 மில்லிமீற்றர் சரி. கூட எண்டால் கழுத்துக்குள்ள இருக்கிற இரும்புக் கம்பியைக் (ட்ரஸ் ரொட்) கால் சுற்று இறுக்கி, ஒரு இரவு விட்டுப்போட்டுத் திரும்பப் பாருங்கோ. ஒரே தரத்தில முழுச்சுற்று சுத்தினால் கழுத்துப் போயிடும். கடைசியா பன்னிரண்டாம் பிறெற்றில சுருதி பாத்துச் சேடிலை (பிறிட்ஜில ஒவ்வொரு கம்பியையும் தாங்கிற துண்டு) நகர்த்துங்கோ.

பெட்டியில பழைய மார்ஷல் வகையை எடுங்கோ. கெயின் 10இல 3, மிட் 7, ட்ரெபிள் 5, பாஸ் 4. ரிவேப் வேண்டாம். நொய்ஸ் கேற் (சின்னச் சத்தத்தை வெட்டிற அமைப்பு) வேண்டவே வேண்டாம், கோட் அடங்கிற வாலை அது கத்தரிச்சுப்போடும். நேர மிக்சருக்குப் போறதால பெட்டியில ஸ்பீக்கர் கபினெற் ஒலியைத் தாற அமைப்பைக் கட்டாயம் போட்டிருக்கோணும். அது இல்லாமல் ட்ரைவ் போட்டால் எந்தக் கிற்றாரும் இரையும். பிக்கப்பைக் கம்பியில இருந்து 3 மில்லிமீற்றர் பதிச்சு வைச்சால் ஒலி இன்னும் தெளியும்.

இனிக் கை. ஜீ கோட்டை எல்லாரும் ஆறு கம்பியும் சேர்த்துப் பிடிக்கினம். இந்தப் பாட்டுகளுக்கு அது சேறு. அடிக்கம்பி மூண்டாம் பிறெற், அஞ்சாம் கம்பியை அதே விரலின்ர நுனியால தொட்டு ஊமையாக்குங்கோ, நாலும் மூண்டும் திறந்து, ரெண்டும் ஒண்டும் மூண்டாம் பிறெற். அஞ்சாம் கம்பியில வாற பீ சுரம் ட்ரைவோட சேர்ந்தால்தான் அடித்தொண்டை கலங்கிறது. ஏ கோட் ஒரு விரலை நாலு, மூண்டு, ரெண்டில படுக்க வைச்சுப் பிடிச்சால் விடுறது லேசு.

பரந்தன் சந்தி

நன்றி அண்ணை. 11ஆம் நம்பரில மூண்டாவது சுத்தின கம்பியா வராட்டி? கடையில எல்லாம் வெறும் கம்பி செட்தான்.

இரணைமடு வான்கதவு

வெறும் கம்பியே போதும் தம்பி. ஒண்டு மட்டும் கவனிக்கோணும். வெறும் மூண்டாவது கம்பிக்குச் சேடில் பின்னுக்கு நிக்கோணும், சுத்தினதுக்கு முன்னுக்கு. பிறகு எப்பவாவது சுத்தின கம்பி கிடைச்சு மாத்தினால் அதைத் திரும்ப நகர்த்த மறந்திடாதேங்கோ. மறந்தால் மேல்பக்க கோட் எல்லாம் புளிக்கும்.

நந்திக்கடல் காத்து

மேடை ஒலியைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல. வாடகைச் செட்டில ஸ்ரீரியோ எண்டது பேச்சுக்கும் இல்லை, ரெண்டு பக்கமும் ஒரே ஒலிதான் வரும். அல்பத்தில பக்கம் பிரிச்சு வைச்ச ரெண்டு கிற்றார் எங்கட மேடையில ஒண்டின் மேல ஒண்டு ஏறும். அதாலை பிரிக்கிற வேலையை மிக்சரில செய்யோணும். ரெண்டு கிற்றாருக்கும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டி, அந்த இடத்தை பாஸுக்கு விடுங்கோ. ரிதமுக்கு 800 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏத்தி, லீட்டுக்கு அதே இடத்தைக் கொஞ்சம் இறக்குங்கோ. பாஸ்காரர் பிக்கால எட்டுக்கு எட்டா மூலச்சுரம் மட்டும் வாசிக்கட்டும். ட்ரம்மில ஒண்டாம், மூண்டாம் அடிக்குக் கிக், ரெண்டாம், நாலாம் அடிக்கு ஸ்நேர். உருட்டல் கூடாது. ஏசி/டீசியின்ர ட்ரம்காரர் பில் ரட் உருட்டாததாலைதான் மல்கத்தின்ர இடைவெளி கேட்டது.

மற்றது கரண்ட். ஜெனரேற்றரில லைற்றும் ஒலியும் ஒரே வயரில போனால் லைற் மங்கிற நேரம் பெட்டி அணைஞ்சு திரும்ப எழும்பும், பாட்டு நடுவில பத்து செக்கன் ஊமை. தனி வயர் கேளுங்கோ. "ம்ம்ம்" எண்டு இரைஞ்சால் சில இடங்களில பிளக்கைக் கழட்டி, ரெண்டு வயர் நுனியை மட்டும் துளையில விட்டு நெருப்புக்குச்சியால இறுக்குவினம். ஏர்த் இல்லாமல் போயிடும். பிறகு கையில கம்பி, உதட்டில மைக், ரெண்டுக்கும் இடையில 230 வோல்ற் வரலாம். அதைச் செய்ய விடவே விடாதேங்கோ. இரைச்சலுக்கு மருந்து டீ.ஐ. பெட்டியில (கிற்றாருக்கும் மிக்சருக்கும் இடையில போடுற பெட்டி) இருக்கிற கிரவுண்ட் லிப்ற் சுவிச்.

அஞ்சலி விசயத்தில நான் இறங்கி வாறன், ஒரு நிபந்தனையோட. அறிவிப்பாளர் "மல்கம் யங் எழுதின பாட்டு" எண்டு சொல்லட்டும், "மல்கம் வாசிச்ச பாட்டு" எண்டு சொல்ல வேண்டாம். ஸ்டீவியின்ர பேரையும் சேர்த்துச் சொல்லுங்கோ.

முறிகண்டி வழி

அதுக்கு நானும் சம்மதம். நேரம் இருந்தால் அதே அல்பத்தில நாலாவது பாட்டு 'த்ரூ த மிஸ்ற்ஸ் ஒஃப் ரைம்' எடுத்துப் பாருங்கோ. பழைய நாளை நினைக்கிற பாட்டு, அஞ்சலிக்கு அதுதான் கூடப் பொருந்தும் எண்டது என்ர எண்ணம். ஆனால் அதில கோட் நீள ஒலிக்கிற இடம் கூட, ட்ரைவைக் கட்டாயம் இன்னும் ஒரு புள்ளி இறக்கோணும்.

பரந்தன் சந்தி

கம்பிக்குச் சொல்லிவிட்டாச்சு. நட்டை முதல் பாக்கிறம், கழுத்தைக் கால் சுற்றுக்கு மேல தொட மாட்டம். அறிவிப்பை நந்திக்கடல் அண்ணை சொன்னமாதிரியே எழுதிக் குடுக்கிறம்.