திருநங்கை பிரதேச சபைக்கு நிற்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நோர்வூட் தையல்காரி:
எல்லாருக்கும் வணக்கம். நான் திருநங்கை. இலங்கை மலையகத்தில், நோர்வூட் டவுனில் சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது, கிராம உத்தியோகத்தரிடம் கூட்டிப்போவது எல்லாம் நான்தான். பீலியில் (பொதுத் தண்ணிக் குழாயில்) தண்ணி வராமல் போனபோது தோட்டத்து ஆபீசில் போய்க் கத்தியதும் நான்தான். "அடுத்த எலக்‌ஷனுக்கு நீயே நில்லு புள்ள" என்கிறார்கள். தோட்டத் தலைவருக்கு மட்டும் முகம் சுருங்குகிறது. மாசியில் காமன் கூத்துக்கு நான் ரதி வேஷம் கட்டினால் முதலில் வந்து கும்பிடுவது அவர்தான்! சாமிக்கு ஆகுமாம், சபைக்கு ஆகாதாம்.

அடையாள அட்டையில் இன்னும் பழைய பெயர்தான், ஆண் என்றுதான் இருக்கிறது. பெண்களுக்கு ஒதுக்கிய கணக்கில் நிற்க முடியுமா?

பென்ஷன் கிளாக்கர்:
மகள், முதலில் அட்டையைப் பாருங்கள். 2016இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. அதன்படி மனநல மருத்துவ நிபுணர் பார்த்துப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் கொடுப்பார். அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழைத் திருத்தி, அப்புறம்தான் அடையாள அட்டை. நம்முடைய அட்டை இலக்கத்திலேயே ஆணா பெண்ணா என்பது இருக்கிறது. பிறந்தது வருஷத்தின் எத்தனையாவது நாளோ, அந்த எண் இலக்கத்தில் வரும்; பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். ஆகவே இலக்கமும் மாறும். பேங்க் புத்தகம், தோட்டத்தில் பெயர் இருந்திருந்தால் ஈ.பி.எஃப். (சேமலாப நிதி), எல்லாவற்றுக்கும் பின்னாலேயே அலைய வேண்டும். வேட்புமனு கேட்ட பிறகு ஓடினால் நடக்காது.

இன்னொன்று, இங்கே தனி ஆளாக நிற்க முடியாது. கட்சிப் பட்டியலில் அல்லது சுயேச்சைக் குழுவில்தான் வர வேண்டும். சபை இடங்களில் பெண்களுக்கு 25 வீதம் என்ற சட்டத்தோடு 2018இல் தேர்தல் நடந்தபோது (நோர்வூட் தனிச் சபையானதும் அப்போதுதான்) கட்சிக்காரர்கள் பெண் வேட்பாளர் தேடி வீடு வீடாக அலைந்ததைப் பார்த்தேன். அப்படித் தேடி வரும்போது பேரம் பேசுங்கள்.

மலைநாட்டு வாசகி:
அக்கா, பழைய அட்டையோடு பெண்கள் இடத்தில் நிற்கவே நிற்காதீர்கள். மத்தியப் பிரதேசத்தில் கட்னி என்ற ஊரில் திருநங்கை கமலா ஜான் மேயராக ஜெயித்தார். அது பெண்களுக்கு ஒதுக்கிய இடம். சட்டப்படி அவர் ஆண் என்று சொல்லி நீதிமன்றம் பதவியைப் பறித்துவிட்டது. சனம் போட்ட வோட்டு வீண்.

நல்ல கதையும் இருக்கிறது. 2022இல் வேலூர் மாநகராட்சிக்குத் திருநங்கை கங்கா கவுன்சிலராக வந்தார். நியூசிலாந்தில் கார்ட்டர்டன் என்று சின்ன ஊர், சுற்றிலும் பண்ணைகள். திருநங்கை ஜார்ஜினா பேயர் 1993இல் அந்த ஊர்ச் சபைக்குப் போனார், 1995இல் மேயர், 1999இல் பாராளுமன்றம். பாலியல் தொழில் செய்த காலத்தை அவர் மறைக்கவில்லை. அந்தப் பண்ணைக்காரர்கள்தான் வோட்டுப் போட்டார்கள்.

ஹட்டன் பையன்:
வெளிநாட்டுக் கதை வேண்டாம். இங்கே தோட்டத் தொழிற்சங்கம் சொல்கிற பக்கம்தான் வோட்டு விழும். ஃபேஸ்புக்கில் கேவலமாக எழுதுவார்கள், தாங்குவீர்களா?

நோர்வூட் தையல்காரி:
தம்பி, பஸ்ஸில் கேட்காததையா ஃபேஸ்புக்கில் எழுதப் போகிறார்கள்? சங்கத்துக்குச் சந்தா கட்டுகிற பொம்பளைகளில் பாதிப் பேருக்கு நான்தான் ஜாக்கெட் தைக்கிறேன், அவர்கள் மனசு எனக்குத் தெரியும். எனக்குப் பயம் அந்த 500இல்தான். ஐயா, சான்றிதழுக்கு நேரே மனநல கிளினிக்குக்குப் போகலாமா, இல்லை வேறு டாக்டர் துண்டு தர வேண்டுமா? கடையை ஒரு நாள்தான் பூட்ட முடியும், ஸ்கூல் யூனிஃபோம் குவிந்து கிடக்கிறது.