ஒட்டடை அடிப்பதை இங்கிலாந்தில் எப்படிச் சொல்வார்கள்?

லெஸ்டருக்கு வந்து 3 மாதம் ஆகிறது. இரண்டு ஆங்கிலேயப் பெண்களோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். வீட்டு வேலைப் பட்டியல் ஃபிரிட்ஜ் கதவில் தொங்கும்.

முதல் வாரமே 'டூ த வாஷிங் அப்' என்றிருந்ததைப் பார்த்துத் துணியை மெஷினில் போட்டேன். அது பாத்திரம் கழுவுவதாம்! துணி துவைக்க வெறும் 'டூ த வாஷிங்'. ஒரு 'அப்' படுத்துகிற பாடு. அப்புறம் 'ஹூவரிங்' (வாக்யூம் கிளீனர் போடுவது), 'புட் த பின்ஸ் அவுட்' (குப்பைத் தொட்டியை வெளியே வைப்பது) எல்லாம் பழகிவிட்டது.

இப்போது சிக்கல் ஒட்டடையில். 'டஸ்டிங்' என்றேன், அவர்களில் ஒருத்தி மேசையைத் துடைத்துவிட்டுப் போனாள். 'ஸ்வீப் த சீலிங்' என்றதற்குச் சிரிப்புதான் பதில். மொழிபெயர்ப்புச் செயலி 'பீட் த காப்வெப்' என்கிறது, எழுத மனம் வரவில்லை.

சனிக்கிழமை பட்டியல் எழுதுவது என் முறை. கூரை மூலையில் ஒட்டடை அடிக்க இங்கே வீட்டுப் பேச்சில் எப்படிச் சொல்வார்கள்?