ஓவர்ரைடு செய்த மெத்தடில் ஆரம் 0 என்று வருகிறது, உதவுங்கள்

ஜாவா புரோகிராமிங் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். 'வடிவம்' என்ற பேரன்ட் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டருக்குள் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடும் பகுதி) 'வரை' என்ற மெத்தடை அழைக்கிறேன். சைல்ட் கிளாஸான 'வட்டம்' அதை ஓவர்ரைடு செய்து (அதே பெயரில் தன் விதத்தில் மாற்றி எழுதி) ஆரத்தைக் காட்டுகிறது. ஆரம் = 5 என்று வட்டத்திலேயே சாதாரண ஃபீல்டாகக் கொடுத்திருக்கிறேன். ஆனால் புது வட்டம் உருவாக்கினால் திரையில் 0 வருகிறது!

வேரியபிளின் டைப் எதுவானாலும் ஆப்ஜெக்ட் எந்த கிளாஸோ அதன் மெத்தட்தான் ஓடும், அது சரி. பேரன்ட் கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகுதான் சைல்டின் ஃபீல்டுகளில் மதிப்பு ஏறும் என்பதும் புரிகிறது. சி பிளஸ் பிளஸ்ஸில் இதே இடத்தில் பேரன்டின் மெத்தடே ஓடுகிறது, எனக்கு அதுதான் பாதுகாப்பாகப் படுகிறது. ஜாவாவில் ஏன் வேறு மாதிரி?

'வரை'யை ஃபைனல் ஆக்கினால் ஓவர்ரைடே முடியாது. ஆப்ஜெக்ட் உருவானதுமே வரைய வேண்டும், ஆரமும் சரியாக வர வேண்டும். ஃபேக்டரி மெத்தட்தான் (ஆப்ஜெக்டை உருவாக்கித் தரும் தனி மெத்தட்) வழியா?