பகலில் தெரிந்த நட்சத்திரம்: எங்கள் குடும்பக் குழுவில்

பெரியப்பா: [பலமுறை பகிரப்பட்டது] 4000 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் கிரகணத்தைச் சொல்லத் தவறிய இரண்டு அரசவை வானியலாளர்களின் தலை வெட்டப்பட்டது!! குடித்துவிட்டுக் கிடந்தார்களாம்!! அனைவருக்கும் பகிரவும்.

பெரியப்பா: நித்யா, இது நிஜமாம்மா?

நித்யா: பழைய கதை பெரியப்பா. ஷி, ஹே என்று பெயர் சொல்வார்கள். வரலாறு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் வானத்தைப் பார்ப்பது அங்கே அரசாங்க உத்தியோகம் என்பது உண்மை.

லதா சித்தி: நாளைக் காலை மோட்டார் பழுது பார்க்க ஆள் வருகிறார். எல்லாரும் தண்ணீர் பிடித்து வையுங்கள்.

நித்யா: பேரரசர் ‘வானத்தின் மகன்’. மேலே எது மாறினாலும் அவர் ஆட்சியைப் பற்றிய சேதி. அதனால் சம்பளத்துக்கு ஆள் வைத்து இரவெல்லாம் குறிக்கச் சொன்னார்கள். கி.மு. 240இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்ததை எழுதி வைத்திருக்கிறார்கள். கி.மு. 28இல் சூரியனில் கரும்புள்ளி.

கவின்: தொலைநோக்கி இல்லாமலா அக்கா?

நித்யா: புழுதியோ மூடுபனியோ மறைக்கும்போது பெரிய புள்ளி வெறுங்கண்ணுக்கே தெரியும். நீ சூரியனைப் பார்த்து வைக்காதே.

லதா சித்தி: அதை முதலில் சொல்லு.

நித்யா: எனக்குப் பிடித்தது 1054 ஜூலை 4. சோங் அரசர்கள் காலம். விடியலில் கிழக்கே, அதுவரை எதுவும் இல்லாத இடத்தில் ஒரு நட்சத்திரம். 23 நாள் பட்டப்பகலிலேயே தெரிந்தது, வெள்ளி கிரகம் போல. இரவில் 1056 ஏப்ரல் வரை.

பெரியப்பா: இதற்கும் பலன் சொல்லியிருப்பார்களே.

நித்யா: யாங் வெய்தே என்ற அதிகாரி சொன்னார். நிறம் மஞ்சள், நாட்டில் பெரிய சான்றோர் இருக்கிறார் என்று அர்த்தம்!

பெரியப்பா: ராஜா குளிர்ந்து போயிருப்பார் 😄

நித்யா: பலன் கிடக்கட்டும். தேதியும் இடமும் எழுதி வைத்தார்களே, அதுதான் பொக்கிஷம். ரிஷபத்தின் கொம்பு நுனிப் பக்கம் நண்டு நெபுலா என்று ஒரு வாயு மேகம் விரிந்துகொண்டே போகிறது. அந்த வேகத்தைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் சுமார் 900 ஆண்டு வருகிறது என்று 1928இல் அமெரிக்க வானியலாளர் ஹப்பிள் சொன்னார். ஒரு நட்சத்திரம் வெடித்த மிச்சம் அது. நடுவில் இருக்கும் எச்சம் நொடிக்கு 30 முறை சுற்றுகிறது, 1968இல் கண்டுபிடித்தார்கள்.

கவின்: இடம் சரியாகப் பொருந்துகிறதா?

நித்யா: நல்ல கேள்வி. ஒரு இடறல் இருக்கிறது. குறிப்பில் அந்தக் கொம்பு நட்சத்திரத்துக்குத் தென்கிழக்கே என்று இருக்கிறது, நெபுலா இருப்பதோ வடமேற்கே. எழுதியவர் கை தவறியதா என்று இன்னும் பேசுகிறார்கள். ஆனால் அதுதான் இது என்பதில் பெரும்பாலானவர்களுக்குச் சந்தேகம் இல்லை.

பெரியப்பா: நம் நாட்டுக்காரர் யாரும் அங்கே போகவில்லையா?

நித்யா: சீனாவில் டாங் அரசர்கள் காலத்தில் கௌதம சித்தர் என்பவர் அரசு வானியல் துறைக்கே தலைவர். இந்திய வம்சாவளிக் குடும்பம், அங்கேயே குடியேறியது. 718இல் நவக்கிரகக் கணிதத்தைச் சீனத்தில் பெயர்த்தார். சுழியத்துக்குப் புள்ளி வைப்பதும் அதில் இருக்கிறது. அவர் தொகுத்த பெரிய நூலில்தான் கான் தே, ஷி ஷென் என்ற மிகப் பழைய நட்சத்திரப் பட்டியல்காரர்களின் எழுத்து நிறைய மிஞ்சியிருக்கிறது.

பெரியப்பா: அடேயப்பா! இது எந்த ஃபார்வர்டிலும் வரவில்லையே.

நித்யா: வராது 🙂 அப்புறம் கோ ஷோஜிங் என்ற சீன வானியலாளர். 1281இல் நடைமுறைக்கு வந்த அவருடைய நாள்காட்டியில் ஆண்டுக்கு 365.2425 நாள்.

பெரியப்பா: இது நம் சுவர் காலண்டர் கணக்கு ஆயிற்றே!

நித்யா: அதேதான். போப் கிரெகரி கொண்டுவந்தது 1582இல்.

கவின்: எப்படி அளந்தார்?

நித்யா: நிழல். நண்பகல் நிழல் மிக நீளமாக விழும் நாளைப் பிடித்தால் ஆண்டின் அளவு கிடைத்துவிடும். மற்றவர்கள் வைத்த கம்பைவிட ஐந்து மடங்கு உயரம் வைத்தார். சீனாவின் காவ்செங் ஊரில் அந்தக் கோபுரமும் 31 மீட்டர் கல் அளவுகோலும் இன்னும் நிற்கின்றன. உயரம் கூடினால் நிழல் விளிம்பு மங்கும், அதைத் தெளிவாக்கச் சிறு துளையிட்ட செப்புத் தகடு வைத்தார்.

கவின்: மொட்டை மாடியில் நாமும் செய்யலாமா?

நித்யா: டிசம்பர் 21ஐ ஒட்டிச் செய். சரியாக 12 மணிக்கு உச்சி வராது, அரை மணி நேரம் முன்னே பின்னே குறித்துக்கொண்டே இரு.

பெரியப்பா: கம்பு நான் தருகிறேன்டா.

லதா சித்தி: துணி காயப்போடும் கொடிக்கம்பில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. இரண்டு பேருக்கும்தான் சொல்கிறேன்.