தளம் போட்டாச்சு, போட்டோ ஏறவில்லை

குன்னம்_பையன்:
பிரதமர் வீட்டுத் திட்டத்தில் வீடு கட்டியவர்களுக்கு இது புரியும். பேஸ்மெண்ட், லிண்டல், தளம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஓவர்சியர் வந்து செல்போனில் போட்டோ எடுத்து ஏற்றினால்தான் அடுத்த பில், அதாவது அடுத்த தவணைப் பணம். எங்களுக்கு 2022இல் வந்தது. 2011 கணக்கெடுப்புப் பட்டியலில் அப்பா பெயர்தான் இருந்தது, அதனால் அவர் பெயரிலேயே கூப்பிட்டார்கள், அவர் செத்து அப்போது மூன்று வருடம். வாரிசுச் சான்று வாங்கி அம்மா பெயருக்கு மாற்றிய கதை தனி, அதை விடுங்கள்.

தளம் போட்டு முட்டு பிரித்த அன்று அம்மா என் கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றது. கம்பியும் சிமெண்டும் கடன், தள பில் வந்தால்தான் கடைக்காரர் முகத்தில் விழிக்க முடியும். ஓவர்சியர் எடுக்கிறார், பிழை என்று வருகிறது. மறுபடி எடுக்கிறார், மறுபடியும் பிழை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா", "வெயிலுக்கு முகம் காட்டுங்கம்மா" என்று மூன்று மணிக்கு ஆரம்பித்தது, மாடு வீடு திரும்புகிற நேரம் ஆகிவிட்டது, அம்மா உட்காரவே இல்லை, உட்கார்ந்தால் பில் போய்விடும் என்று பயம். கடைசியில் ஒரு படம் ஏறியது. அதில் அம்மா கண்ணை மூடியிருக்கிறது. அரசாங்கக் கணக்கில் இனி அந்தப் படம்தான். பில் பத்து நாளில் வந்துவிட்டது, எல்லாம் சரி, ஆனாலும் அந்தப் படம் அப்பப்போ கண்முன் வந்து நிற்கிறது.

சென்ட்ரிங்_மணி:
சும்மா ஓவர்சியரைக் குறை சொல்லக்கூடாது தம்பி. ஒரு ஆளுக்கு எத்தனை ஊராட்சி என்று தெரியுமா? நான் இந்த மாதிரி வீடு பதினாறுக்குத் தளம் சென்ட்ரிங் அடித்தவன். என் அனுபவம் ஒன்றுதான், ஒரு வீட்டில் பலகை அடித்துக் கம்பி கட்டின பிறகு காசு இல்லை என்று நாற்பது நாள் அப்படியே கிடந்தது, மழையில் என் பலகை எல்லாம் உப்பிப் போச்சு, வாடகையும் வரவில்லை. அந்த வீட்டுக்கார அம்மா தினமும் எனக்கு மோர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடும், பேசாது. அவ்வளவுதான்.

இனி கட்டப் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். 1.20 லட்சம் மத்திய மாநிலப் பங்கு 60க்கு 40, அது போகத் தளத்துக்கென்று நம் மாநிலம் தனியாக 1.20 லட்சம், நூறு நாள் வேலையில் 90 நாள் கூலி, கழிப்பறைக்கு 12,000. இதுதான் கையில் வருவது. திட்டத்தில் சொல்கிற அளவு 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள், வாழ்நாளில் ஒரு தடவைதானே கட்டுகிறோம் என்று 500 சதுர அடிக்கு அஸ்திவாரம் தோண்டிவிடுகிறார்கள். பேஸ்மெண்டிலேயே முதல் பில், ரெண்டாவது பில் ரெண்டும் காலி. அப்புறம் மகளிர் குழுக் கடன், அப்புறம் தோடு. சின்னதாக முடித்துவிட்டு மேலே கம்பியை நீட்டி விடுங்கள், நாளைக்குப் பையன் சம்பாதித்துக் கட்டட்டும். நீட்டின கம்பிக்கு மறக்காமல் சிமெண்ட் பால் அடியுங்கள், துருப்பிடித்தால் உள்ளே வரைக்கும் போகும். கொத்தனாருக்கு மொத்த கான்ட்ராக்ட் விடாதீர்கள். தண்ணீர் ஊற்றுவதை யாரிடமும் நம்பி விடாதீர்கள், பாத்தி கட்டிப் பதினைந்து நாள் நீங்களே ஊற்றுங்கள்.

வாசுகி_மன்னை:
அவர் எங்கே ஓவர்சியரைக் குறை சொன்னார், இன்னொரு தடவை படியுங்கள் அண்ணா.

எங்களுடையது அரசு கட்டிக் கொடுத்த பழைய தொகுப்பு வீடு, மாமனார் காலத்தில் வந்தது. போன ஐப்பசியில் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேலே 'டப்' என்று ஒரு சத்தம், ஒரு சில்லு காரை நேராகச் சின்னவள் தட்டில், ரசம் சோற்றில். அவள் அழவில்லை, சில்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். பழகிவிட்டதாம்! அண்ணாந்து பார்த்தால் கம்பி விலா எலும்பு மாதிரி தெரிகிறது. மாமனார் காங்கிரீட் தளத்துக்கு மேல் தார்ப்பாய் விரித்து நாலு மூலையிலும் செங்கல் வைத்திருக்கிறார்.

மாநில அரசின் கனவு இல்லம் திட்டம் 2024இல் வந்ததே, 3.5 லட்சம், 360 சதுர அடி, அதற்கு மனு கொடுத்தேன். கணக்கெடுக்க வந்தவர் வாசலிலிருந்தே தலையைத் தூக்கிப் பார்த்தார். "காங்கிரீட் வீடுதானே, இது குடிசைக்கும்மா." உள்ளே வந்து பாருங்கள் என்றேன். வரவில்லை. பக்கத்துக் கூரை வீட்டுக்குப் போய்விட்டார். அவர்களுக்குக் கிடைத்தது, நல்லது, எனக்கு அதில் பொறாமை இல்லை (கொஞ்சம் உண்டு).

எட்டாவது_மாடி:
கிராமத்தில் இடமாவது உங்களுடையது. எங்களைச் சென்னையில் ஆற்றோரத்திலிருந்து லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே இறக்கினார்கள். வீடு நல்ல வீடுதான், உள்ளேயே கக்கூஸ், குழாய், ஃபேன் மாட்டக் கொக்கி எல்லாம் இருக்கிறது. ஆயாவுக்கு இட்லிக் கடை, ஆட்டுக்கல்லை விட மாட்டேன் என்று கூடவே கொண்டுவந்தது. அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை. நானும் மாமாவும் சாக்கில் கட்டி நாலு மாடி தூக்கினோம், அதற்கு மேல் முடியவில்லை. ஆயா படியில் உட்கார்ந்து கல்லைத் தடவிக்கொண்டே "இங்கே யாருடா இட்லி வாங்குவான்" என்று கேட்டது. கல் இன்னமும் நாலாவது மாடிப் படி ஓரத்தில்தான் கிடக்கிறது, பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறார்கள். 1970களில் எங்கள் பெரிய தாத்தா குடும்பத்துக்கு இருந்த இடத்திலேயே மாடி கட்டிக் கொடுத்தார்கள், அவர்கள் இன்றைக்கும் நடந்தே வேலைக்குப் போகிறார்கள்.

சென்ட்ரிங்_மணி:
வாசுகிம்மா, தப்பாக எடுத்துக்காதீங்க. பழைய அரசு வீடுகளைச் சீரமைக்க என்றே 2024இல் தனியாக ஒரு திட்டம் வந்ததே, 2000–01க்கு முன்னால் கட்டிய வீடுகளுக்கு. பிடிஓ ஆபீசில் கேட்டுப் பாருங்கள். வீட்டு வரி ரசீது, ஆதார், மாமனார் பெயரில் உள்ள ஆணை நகல் எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள்.

வாசுகி_மன்னை:
கேட்டாச்சு அண்ணா. எங்கள் வீடு 2003.