பெர்மிட்டில் ஒரு பெயர், சீதன உறுதியில் முழுக் குடும்பம்

அன்பான ஊரவர்களுக்கு வணக்கம்.

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் காணி எடுத்துக் குடிபோன எங்கள் ஊர்க் குடும்பங்களின் வம்சாவளியைத் தொகுப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் முட்டுப்படுகிறார்கள். பெர்மிட், அதாவது அரசாங்கக் காணிக்கான அனுமதிப்பத்திரம், எடுத்த பெரியவரின் பெயர் தெரியும். அவருக்குப் பிறகு காணி யாருக்குப் போனது என்றும் தெரியும். அவருடைய சகோதரங்கள் யார், தாய் தகப்பன் யார், ஊரில் எந்த வளவிலிருந்து வெளிக்கிட்டார் என்று கேட்டால் பதில் இல்லை.

பெர்மிட் அப்படிப்பட்ட ஆவணம். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் காணி துண்டுபடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்டது. காணிக்காரர் தனக்குப் பிறகு காணி போகவேண்டிய பின்னுரித்தாளராகப் பெரும்பாலும் ஒருவரையே குறிப்பார். குறிக்காமல் இறந்தால், துணைக்குப் பிறகு சட்டத்தின் அட்டவணைப்படி போகும். 2022இல் திருத்தப்படும்வரை அந்த அட்டவணையில் மகனுக்குப் பிறகுதான் மகள், மூத்தவருக்குப் பிறகுதான் இளையவர். ஏழு பிள்ளைகள் இருந்த வீட்டில் ஆறு பேரின் பெயர் அங்கே வராது. பெர்மிட்டை மட்டும் வைத்து எழுதிய வம்சாவளி பனைபோல ஒற்றைத் தண்டாக நிற்கும்.

கிளைகளைத் தேட ஊர்க் காணிகளின் உறுதிகளுக்குத்தான், அதாவது காணி கைமாறியதை எழுதிய பத்திரங்களுக்குத்தான், திரும்பி வர வேண்டும். அதிலும் பெண்பிள்ளைகளின் சீதன உறுதிகளுக்கு.

முதலில் பெர்மிட்டிலிருந்து எடுக்கக்கூடியதை எடுத்துவிடுவோம். பெர்மிட் இலக்கம், திகதி, துண்டு இலக்கம், நில அளவைப் படத்தின் இலக்கம் நான்கையும் அப்படியே எழுதுங்கள். காணியின் அளவே காலத்தைச் சொல்லும். 1950களின் முற்பகுதி வரை பெரிய குடியேற்றத் திட்டங்களில் 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுக்காணியும் பொதுவான அளவு. பிறகு அது 3 ஏக்கர் வயல், 2 ஏக்கர் மேடு என்று குறைந்தது. மத்திய வகுப்பினருக்கென்று கொடுத்த காணி என்றால் அளவு இதைவிடக் கூட, எடுத்தவரும் பெரும்பாலும் உத்தியோகத்தர் அல்லது வியாபாரி. அவர் ஊரில் இருந்துகொண்டு ஆள் வைத்துச் செய்திருக்கலாம். அந்தக் குடும்பத்தை வன்னிப் பதிவுகளில் தேடி மெனக்கெட வேண்டாம்.

பெர்மிட்டுக்குப் பின்னால் அலுவலகத்தில் காணிக் கோவை (ஃபைல்) ஒன்று இருக்கும். கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி, இந்த நான்கு பிரதேச செயலகங்களில் காணி எந்தப் பிரிவில் இருக்கிறதோ அங்குள்ள காணிக் கிளையில் கேளுங்கள். கோவையில் காணிக் கச்சேரிக்கு, அதாவது காணி கொடுக்க ஆட்களைத் தெரியும் விசாரணைக்கு, கொடுத்த விண்ணப்பம் அகப்பட்டால் அது பெரிய பேறு. காணியில்லாதவர், குடும்பஸ்தர், கமம் தெரிந்தவர் என்று பார்த்தே ஆட்களைத் தெரிந்தபடியால், பிள்ளைகளின் தொகை, வயது, சொந்த ஊர் எல்லாம் அதில் எழுத வேண்டியிருந்தது. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதற்கு முந்திய கடிதப் போக்குவரத்து யாழ்ப்பாணக் கச்சேரி எனப்படும் மாவட்ட அரசாங்க அலுவலகத்தின் பெயரில்தான் நடந்தது. தேடும் கடிதத்தில் இரண்டு பெயரையும் குறிப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பெர்மிட் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ சட்டம் இலேசில் விடாது. அதனால் பதியாமல் தமக்குள் எழுதிய கைக்கடிதத்தில் மாறிய காணிகள் ஏராளம். இன்று அந்தக் காணியில் இருப்பவர் பெர்மிட்காரரின் இனசனம் என்று எண்ணி வம்சாவளியில் சேர்த்துவிடாதீர்கள். கோவையில் பின்னுரித்து மாற்றம் பதிந்திருந்தால் மட்டும் சேருங்கள்.

இனி உறுதிக்கு வருவோம்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து காணிக் கைமாற்றம் நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்டத் தொழிலர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நடக்க வேண்டும். நொத்தாரிசு ஒவ்வொரு மாதமும் தான் முடித்த உறுதிகளின் இரண்டாம் பிரதிகளைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆகவே வீட்டில் இருந்த உறுதி இடப்பெயர்வில் போயிருந்தாலும் பதிவகத்தில் பிரதி இருக்க இடமுண்டு. அதற்கு உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றும் தேவை. மூன்றும் தெரியாதென்றால், பக்கத்துக் காணிக்காரரின் உறுதியில் உள்ள முன்பதிவு (காணியின் முந்திய பதிவு) இலக்கத்தைப் பிடித்துப் பதிவேட்டின் பக்கத்துக்குப் போகலாம். ஒரே தாய்க்காணியிலிருந்து பிரிந்த துண்டுகள் என்றால் பழைய பக்கம் இரண்டுக்கும் பொதுவாக இருக்கும். பக்கம் நிரம்பியதும் எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள் என்ற குறிப்பு அங்கேயே இருக்கும். அதைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனால் மூன்று நான்கு தலைமுறை கைக்கு வரும். ஊர்ப் பேச்சில் இந்தப் பதிவேட்டையும் தோம்பு என்பதுண்டு. ஒல்லாந்தர் காலத்தில் ஆட்களைப் பதிந்த தலைத்தோம்பும் காணிகளைப் பதிந்த காணித்தோம்பும் வேறு. அவற்றில் தப்பியவை கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. பிரித்தானியர் காலத்தையும் தாண்டிப் பின்னோக்கித் தேடுபவர்கள் மட்டும் அங்கே போனால் போதும்.

பதிவகத்தில் வெறும் ஆள்பெயரைச் சொல்லித் தேட வேண்டாம். வேலுப்பிள்ளைகள் ஊருக்கு நூறு பேர். காணிப்பெயரைச் சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் புளியடி, கிணற்றடிக் கலட்டி, நாவலடி வளவு என்று ஒரு பெயர் உண்டு. ஆள் மாறினாலும் அந்தப் பெயர் மாறாது. வெளிநாட்டில் இருக்கும் அம்மம்மாவிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தோட்டக்காணிக்கு என்ன பெயர் என்பதுதான்.

உறுதி கைக்கு வந்தால் உரித்து எப்படி வந்தது என்ற வாசகத்தை முதலில் படியுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் வந்தது. அதன்படி சொத்து முதுசமா, சீதனமா, தேடியதேட்டமா என்று உறுதி சொல்லும். முதுசம் என்றால் பெற்றார் வழி. சீதனம் என்றால் பெற்றார் பெண்பிள்ளைக்கு எழுதியது. அங்கே தகப்பன், தாய், மகள் மூவரின் பெயரும் ஒரே தாளில் நிற்கும், மருமகனின் பெயரும் பெரும்பாலும் வரும். பிறப்புப் பதிவு இல்லாத காலத்துப் பெண்ணின் பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் பல குடும்பங்களில் இதுதான். தேடியதேட்டம் என்றால் கணவனும் மனைவியும் கலியாணத்துக்குப் பிறகு வாங்கியது. தாய் தகப்பனைப் பற்றி அது எதையும் சொல்லாது. 1911இலும் 1947இலும் சட்டம் மாறியபடியால் கலியாணம் நடந்த ஆண்டைப் பக்கத்தில் குறித்து வையுங்கள். அதே சொல்லுக்கு அந்தந்தக் காலத்தில் பொருள் வேறு.

அடுத்தது அட்டவணை, அதாவது நாலெல்லை. கிழக்கு சின்னத்தம்பி கந்தையா, வடக்கு சின்னத்தம்பி பொன்னம்பலம், மேற்கு ஒழுங்கை, தெற்கு சின்னத்தம்பி மகள் வள்ளிப்பிள்ளை என்று இருக்கிறது என வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக்கொடுப்பவரும் சின்னத்தம்பியின் மகன்தான். அப்படியானால் ஒரே தகப்பனின் காணி நாலாகப் பிரிந்து, நாலு சகோதரங்களின் பெயரும் ஒரு அட்டவணையில் வந்திருக்கிறது என்று கொள்ள நல்ல இடமுண்டு. சின்னத்தம்பி என்ற பெயரில் வேறு ஒருவரும் அயலில் இருந்திருக்கலாம், ஆகவே இன்னொரு உறுதியில் உறுதிப்படுத்தும்வரை பென்சிலால் எழுதுங்கள்.

அதற்குக் கீழே எல்லோரும் படிக்காமல் விடும் வரி ஒன்று வரும்: ‘கிணற்றில் 1/4 பங்கும் வழிவாய்க்காலும்’. அந்தப் பின்னத்தின் கீழ்த்தொகை, பங்கு எத்தனை உரித்தாளிகளுக்குப் பிரிந்தது என்பதைக் காட்டும். 1930இல் 1/4 என்று இருந்தது 1955இல் 1/12 ஆகியிருந்தால், அந்த நாலில் ஒருவருக்கு மூன்று உரித்தாளிகள். கிணற்றைத் துண்டுபோட முடியாததால் பங்கு மட்டும் எண்ணாகவே இறங்கி வருகிறது. ஆனால் சீதனம் வாங்கிய பெண்ணுக்குத் தேசவழமைப்படி பெற்றாரின் மிச்சச் சொத்தில் உரித்து இல்லை. 1/4 என்றால் நாலு பிள்ளைகள் என்று முடிவுகட்டிவிட்டால், சீதனத்தோடு போன அக்கா தங்கச்சிமாரை நீங்களும் விட்டுவிடுவீர்கள். எங்கள் தொகுப்பில் இதுவரை திருத்த நேர்ந்த பிழைகளில் பெரும்பகுதி இதுதான்.

கடைசிப் பக்கத்தில் நொத்தாரிசின் அத்தாட்சி. சாட்சிகள் இரண்டு பேரின் பெயரும் ஊரும் அங்கே இருக்கும். சீதன உறுதியில் சாட்சி வைப்பவர் அநேகமாகத் தாய்மாமன் அல்லது பெரியப்பா முறையானவர். சாட்சியின் ஊர் வேறாக இருந்தால் தாய்வழி எந்த ஊர் என்பதற்கு அது ஒரு தடயம்.

பதிவேட்டில் வழக்கு இலக்கம் ஏதாவது குறித்திருந்தால் விடாதீர்கள். காணிப் பிரிவினை வழக்கு போட்டால் அதைப் பதிவேட்டில் பதிய வேண்டும், முறைப்பாட்டோடு வம்சாவளியும் கொடுக்க வேண்டும். உரித்து தலைமுறை தலைமுறையாக இறங்கியதைக் காட்டும் வம்சாவளி அது. அதேபோல, இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க மாவட்ட நீதிமன்றத்தில் கேட்ட வழக்குகளின் அறிவித்தல்கள் பழைய அரசாங்க வர்த்தமானியில் வந்திருக்கின்றன. மனுதாரர், எதிர்மனுதாரர் என்று உரித்தாளிகளை எண் போட்டு எழுதியிருப்பார்கள். வடக்கில் எது அழிந்தாலும் வர்த்தமானி கொழும்பில் இருக்கும்.

பிறப்பு, விவாக, இறப்புப் பதிவுகள் 1867இலிருந்து உண்டு. பதிவு நடந்தது சம்பவம் நடந்த பிரிவில் என்பதை மறக்கக் கூடாது. முரசுமோட்டையில் குடியிருந்த பெண்ணும் தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீட்டுக்குத்தான் வந்திருப்பார். கலியாணம் பெண்வீட்டில் நடந்திருக்கும். தலைப்பிள்ளையின் பிறப்பையும் விவாகத்தையும் பெண்ணின் ஊர்ப் பிரிவிலும், மற்றப் பிள்ளைகளைக் கிளிநொச்சிப் பக்கமும் தேடுங்கள். பிரதேச செயலகத்தில் இல்லை என்று வந்தால், கொழும்பில் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் இரண்டாம் பிரதியைக் கேளுங்கள். பிற்காலப் பிறப்புச் சான்றிதழில் பாட்டனாரின் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் கேட்கும் கூடு ஒன்று உண்டு. கடவுச்சீட்டுக்காக எடுத்து அலுமாரியில் வைத்திருக்கும் அந்தச் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிறப்புப் பதிவு இல்லாதவருக்கு வயதை மதித்துக் கொடுக்கும் அனுமான வயதுச் சான்றிதழ் என்றால் திகதியை நம்ப வேண்டாம், சாதகக் குறிப்பு அதைவிட மேல்.

இறந்தவரின் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடிக்கும் கல்வெட்டுகள் எனும் நினைவுப் புத்தகங்கள் நூலகம் இணையத்தளத்தில் ஏராளமாக உள்ளன. வம்சாவளிப் பக்கத்தோடு திதி வெண்பாவையும் படியுங்கள், இறந்த நாள் அதில்தான் இருக்கும். விகிர்தி ஆண்டு என்றால் 1890–91, 1950–51, 2010–11 மூன்றில் ஒன்று. விகிர்தி மாசி என்றால் 1951 பெப்ரவரி–மார்ச், 1950 இல்லை. தை, மாசி, பங்குனி மூன்றிலும் இந்த ஒரு வருடப் பிழை அடிக்கடி வருகிறது. குடிபோன ஆண்டை நிச்சயிக்கத் தேருநர் (வாக்காளர்) இடாப்பும் பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பும் உதவும். சேர்வு இடாப்பில் முன்பு படித்த பாடசாலையின் பெயரும் இருக்கும்.

பெயர்களில் பொறுமை வேண்டும். தோம்பில் கந்தன், உறுதியில் கந்தர், மகனின் விவாகப் பதிவில் கந்தப்பிள்ளை, மூன்றும் ஒருவராக இருக்கலாம். அமெரிக்க மிசன் பள்ளிகளில் படித்தவர்களுக்கு வேறு பெயரே சூட்டினார்கள். ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் வழக்கத்தால் கந்தையா சின்னத்தம்பியும் சின்னத்தம்பி கந்தையாவும் மாறி மாறி வருவார்கள். கணினியில் ஏற்றும்போது குடும்பப்பெயர்க் கூட்டை வெறுமையாக விடுங்கள். தகப்பன் பெயரை அதில் போட்டால் தலைமுறைக்கு ஒரு குடும்பமாக மென்பொருள் பிரித்துவிடும்.

அலுவலகங்களில் கேட்பதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 14 வேலைநாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் கேட்பவர் இலங்கைப் பிரசையாக இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பிரசாவுரிமை எடுத்து இலங்கைப் பிரசாவுரிமையை இழந்தவர்கள் தம் பெயரில் கேட்க முடியாது. அங்கத்தவரில் நாலில் மூன்று பங்குக்குக் குறையாமல் பிரசைகளாக உள்ள அமைப்பு கேட்கலாம். ஆகவே எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஊரிலுள்ள கிளையின் பெயரில் மனுப் போடுவதுதான் சரி. ஒரு மனுவில் ஒரு காணி மட்டும். பெர்மிட் இலக்கமும் துண்டு இலக்கமும் இல்லாமல் குடும்ப வரலாறு வேண்டும் என்று எழுதினால் அவர்களால் தேட முடியாது.

உறுதிகளைப் படம் எடுக்கும்போது பின்பக்கத்தையும் எடுங்கள், பதிவு இலக்கம் அங்கே இருக்கலாம். மடிப்பில் கிழிந்ததற்கு ஒட்டுநாடா ஒட்டவோ லமினேட் பண்ணவோ வேண்டாம். உயிரோடிருப்பவர்களின் அடையாள அட்டை இலக்கத்தை மறைத்துவிட்டு அனுப்புங்கள். இப்போது உடனடியாகத் தேவைப்படுவது, 1936க்கும் 1960க்கும் இடையில் இரணைமடுப் பக்கம் போன குடும்பங்களில் ஊரிலேயே கலியாணம் செய்து நின்றுவிட்ட பெண்பிள்ளைகளின் சீதன உறுதிகள். அப்பாச்சியின் தகரப்பெட்டி யாரிடம் இருக்கிறதோ, அவர்கள் முதலில் அனுப்புங்கள்.