400 ஹாட் டாக் வேண்டும்: கடலூர், புதுச்சேரி பக்கம் செய்து தருபவர்கள் யாராவது இருக்கிறார்களா?

மஞ்சக்குப்பம்_வாசி

வணக்கம். ஃபெஞ்சல் புயலுக்கு அடுத்து 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது எங்கள் பக்கத்து மாலைநேர டியூஷன் மையத்துக்குள் தண்ணீர் புகுந்து பெஞ்சு, புத்தகம், பீரோ எல்லாம் வீணாகிவிட்டன. மீனவர் வீட்டுப் பிள்ளைகள், கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் என்று அறுபது பேர் இன்னும் தரையில் பாய் விரித்துத்தான் படிக்கிறார்கள். அவர்களுக்குப் பெஞ்சு வாங்க ஒரு சனிக்கிழமை மாலை உணவுத் திருவிழா மாதிரி நடத்தலாம் என்று நாங்கள் பத்துப் பேர் முடிவு செய்திருக்கிறோம். பஜ்ஜி, சுண்டல், பணியாரத்துக்கு ஆள் இருக்கிறது. காலேஜ் பிள்ளைகள் ஹாட் டாக் (நீள பன்னுக்குள் சாஸேஜ், அதாவது அரைத்த இறைச்சியைக் குழல் மாதிரி அடைத்துச் செய்தது, சூடாக வைத்தது) இருந்தால் கூட்டம் வரும் என்கிறார்கள், எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது.

கடலூரில் மொத்தமாகச் செய்து தர ஆள் கிடைக்கவில்லை. புதுச்சேரியில் ஒரு கடையில் கேட்டதற்கு, கொண்டு வந்து இறக்க ஒன்று 70 ரூபாய் என்றார்கள். நாங்கள் 80க்குத்தான் விற்க முடியும். 400 விற்றாலும் 4,000 ரூபாய்தான் மிஞ்சும், அதில் எத்தனை பெஞ்சு வாங்குவது? இதைவிடக் குறைவாக, ஆனால் தரமாகச் செய்பவர்கள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். அக்டோபர் முதல் சனிக்கிழமை நிகழ்ச்சி.

முத்தியால்பேட்டை_ரொட்டி

தம்பி, நான் 19 வருஷமாக பேக்கரி வேலையில் இருக்கிறேன். ஹாட் டாக் செய்து தருபவர் என்று தேடினால் இந்த விலைதான் சொல்வார்கள். பன்னை ஒருவரிடமும் சாஸேஜை ஒருவரிடமும் வாங்கி, அங்கேயே சுட்டுக் கொடுங்கள். செலவு பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வரும்.

பன்னுக்குக் கடலூரிலேயே ஆள் உண்டு. உங்கள் வீட்டுப் பக்கத்து பேக்கரியில் போய் ஆறு அங்குல நீள பன், சர்க்கரை குறைவாக என்று கேளுங்கள். சர்க்கரை விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் டீக்கடை பன் இனிப்பிலேயே போட்டுவிடுவார், அதில் கடுகு சாஸும் சாஸேஜும் வைத்தால் நன்றாக இருக்காது. புதுச்சேரி என்றதும் பிரெஞ்சு ரொட்டி நினைவு வரும், அந்தப் பக்கம் போக வேண்டாம். மேல்தோல் மொறுமொறுப்பாக இருக்கும், நின்றுகொண்டு கடித்துச் சாப்பிடச் சின்னப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சிரமம். மூன்று நாள் முன்னதாகச் சொல்லி, நிகழ்ச்சி அன்று காலையில் சுடச் சொல்லுங்கள். முக்கியமாக, சூடு முழுக்க ஆறிய பிறகுதான் கவரில் போட வேண்டும். நம் கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துச் சீக்கிரம் பூசணம் பிடித்துவிடும்.

ஒரு பக்கம் ஒட்டியிருக்கிற மாதிரி அறுக்கச் சொல்லுங்கள், முழுசாக இரண்டாகப் பிளந்துவிட்டால் சாஸேஜ் கையில் நிற்காது.

லாஸ்பேட்டை_அடுப்படி

பேக்கரி அண்ணன் சொன்னதுதான் சரியான வழி. சாஸேஜ் பற்றி நான் சொல்கிறேன், இரண்டு வருஷம் முன்னால் ஒரு பள்ளிக்கு இதே வேலையைச் செய்திருக்கிறோம்.

புதுச்சேரி ஒயிட் டவுன் பக்கம் காலை உணவுக்கு சாஸேஜ் வைக்கிற கஃபேக்கள் இருக்கின்றன. அங்கே சமையல் பார்க்கிறவரிடம் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று நேரிலேயே கேளுங்கள், நல்ல காரியத்துக்கு என்றால் சொல்வார்கள். ஒரு கிலோவில் 20 முதல் 25 வரை நிற்கும், அளவைப் பொறுத்தது. பாக்கெட்டில் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா, தேதி என்ன என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். வீட்டில் சாஸேஜ் போட்டுத் தருபவர் கிடைத்தாலும் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். பதப்படுத்தாத பச்சை சாஸேஜ் சீக்கிரம் கெடும், திறந்த மைதானத்தில் 400 பேருக்கு அதை வைத்துக் காப்பாற்றுவது கஷ்டம்.

நாங்கள் பட்ட பாடு சொல்கிறேன். சப்ளை செய்தவர் ஃப்ரோசன் சாஸேஜை ஐஸ் பெட்டி இல்லாமல் சாதாரண அட்டைப் பெட்டியில் ஆட்டோவில் அனுப்பிவிட்டார். வந்து சேரும்போது மேலே இருந்தது கொழகொழ, நடுவில் இருந்தது கல் மாதிரி. மேலே இருந்த ஆறு கிலோவைத் தூக்கிப் போட்டோம். பிள்ளைகள் சாப்பிடுகிற பொருள், அதில் யோசிக்கவே கூடாது. நடுவில் இருந்ததை அவசரத்தில் தோசைக்கல்லில் போட்டால் வெளியே கருகி உள்ளே ஜில்லென்று இருக்கிறது. ஏழு மணிக்குக் கூட்டம் வரும் நேரத்தில் 40 நிமிஷம் கடை நின்றது. அதனால் முதல் நாள் மாலையே எடுத்து, இரவு முழுக்க ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துக் குளிர் இறக்குங்கள். வெயிலில் வைப்பது, தண்ணீர் வாளியில் கொட்டுவது எதுவும் வேண்டாம்.

பெரிய இட்லிப் பானை போதும். தட்டில் சாஸேஜை அடுக்கி ஆவியில் சூடேற்றி, பிறகு தோசைக்கல்லில் எண்ணெய் தடவி நிறம் வரும்வரை உருட்டி எடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெடிக்கும். சுட்டது ஆறவிடாமல் மூடி வைத்துச் சூட்டோடே கொடுக்க வேண்டும்.

நான்கு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முழுசாகவோ வட்டமாக நறுக்கியோ கொடுக்காதீர்கள். அந்த வடிவம் தொண்டையில் அப்படியே அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நான்காகக் கீறிக் கொடுங்கள். கடையில் நிற்கிற எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

முதுநகர்_பாய்

நல்ல முயற்சி சகோ. ஒரு விஷயம், சிக்கன் என்று எழுதியிருந்தாலும் மேல்தோல் வேறு பிராணியுடையதாக இருக்கலாம், அதனால் ஹலால் முத்திரையோடு தோல் எதிலிருந்து என்பதையும் கேட்டு வாங்குங்கள். பன்றி இறைச்சி சாஸேஜ் அதே கல்லில் படக்கூடாது. இதைப் போர்டில் எழுதி வைத்தால் எங்கள் தெருவிலிருந்து குடும்பத்தோடு வருவோம்.

புதுப்பாளையம்_அக்கா

எல்லோரும் சாஸேஜையே பேசுகிறீர்கள், தேதியை யாரும் பார்க்கவில்லையா? அக்டோபர் முதல் சனிக்கிழமை என்றால் புரட்டாசி சனிக்கிழமை. கடலூரில் பாதி வீட்டில் கவுச்சி கிடையாது, மீதிப் பாதி திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு அலுத்து வந்து படுத்திருப்பார்கள். 400 இல்லை, 100 விற்றால் பெரிய விஷயம். அன்றே நடத்தித்தான் ஆக வேண்டும் என்றால் முழுக்க சைவம் போடுங்கள், இல்லையென்றால் தள்ளிப் போடுங்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மைதானத்தை நம்பாதீர்கள், நம் ஊர் மழை தெரியாதா? தை மாதம்தான் நல்லது. ஆற்றுத் திருவிழா முடிந்த பிறகு ஒரு ஞாயிறு வையுங்கள். தைப்பூசத்தன்று மட்டும் வேண்டாம், வடலூர் பக்கத்தில் இருந்துகொண்டு அது சரிப்படாது.

அப்புறம் போர்டில் ஹாட் டாக் என்பதற்குக் கீழே சாஸேஜ் பன் என்றும் எழுதுங்கள் தம்பி. எங்கள் மாமியார் நாய்க்கறியா என்று உண்மையாகவே பயந்து கேட்டார்.

மஞ்சக்குப்பம்_வாசி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா, தேதியை நாங்கள் பத்துப் பேரும் யோசிக்கவே இல்லை. நேற்று இரவு உட்கார்ந்து பேசி, தை மாதம் ஆற்றுத் திருவிழாவுக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை என்று மாற்றிவிட்டோம். தைப்பூசம் குறுக்கே வந்தால் இன்னும் ஒரு வாரம் தள்ளிவிடுவோம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் முன்கூட்டியே போய்க் கேட்கப் போகிறோம்.

பன்னுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பேக்கரிக்காரர் சரி என்றுவிட்டார், விஷயத்தைச் சொன்னதும் கூலி வேண்டாம், மாவுக் காசு மட்டும் கொடுங்கள் என்றார். 300 சிக்கன், 100 உருளைக்கிழங்கு சோயா சைவம், இரண்டுக்கும் தனித்தனிக் கல், தனித்தனி ஆள். சாஸேஜ், பன், சாஸ், கேஸ் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 38 ரூபாய் வருகிறது. எல்லாம் விற்றால் 16,800 மிஞ்சும்.

இன்னும் ஒரு உதவி. ஓட்டலில் பயன்படுத்துகிற பெரிய தோசைக்கல் இரண்டும், ஒரு ஐஸ் பெட்டியும் ஒரே ஒரு நாளுக்கு இரவலாக வேண்டும். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறோம்.

முத்தியால்பேட்டை_ரொட்டி

கல் ஒன்று என்னிடம் இருக்கிறது தம்பி, தூக்க இரண்டு ஆள் வேண்டும். பன் அடுக்க பிளாஸ்டிக் டிரேயும் தருகிறேன். வேன் வரும்போது தனிச்செய்தியில் சொல்.